பேருந்தில் யாருக்கு இடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாப் பயணிகள் குவிகிற நகரங்களில் உள்ளூர்க்காரர்களுக்கும் வருகிறவர்களுக்கும் உரசல் எங்கே தொடங்குகிறது? புகழ்பெற்ற கோயில் வாசலிலோ அருங்காட்சியகத்திலோ அல்ல. உள்ளூர்க்காரர் அங்கே தினமும் போகப்போவதில்லை. பேருந்து, வாடகை வீடு, குறுகலான சந்து என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருள் தேவைப்படுகிற இடத்தில்தான் தொடங்குகிறது.

ஜப்பானின் கியோட்டோவைப் பாருங்கள். அங்கே நகர மெட்ரோ இரண்டே தடங்கள்தான். பெரும்பாலான கோயில்களுக்குப் பேருந்தில்தான் போக வேண்டும். நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க மலிவான சீட்டு ஒன்றையும் மாநகராட்சியே விற்றது. விளைவு, பெரிய பெரிய பெட்டிகளோடு பயணிகள் ஏறிக்கொள்ள, மருத்துவமனைக்குக் கிளம்பிய முதியவர் நிறுத்தத்திலேயே நின்றார். அந்தச் சீட்டின் விற்பனையை 2023இல் நிறுத்தினார்கள். 2024 ஜூனில், கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து முக்கியமான இடங்களுக்கு விடுமுறை நாட்களில் தனி விரைவுப் பேருந்துகள் வந்தன. கட்டணம் 500 யென். சாதாரணப் பேருந்தில் 230 யென்தான். ஆனால் சீக்கிரம் போய்விடலாமே என்று பயணி இதில் ஏறுவார். யாரையும் விரட்டாமல் கூட்டத்தைப் பிரிக்கிற இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் இன்னும் வேடிக்கை. பயணிகள் குவிகிற குவெல் பூங்கா பக்கம் போகிற 116ஆம் எண் சிற்றுந்தை கூகுள் வரைபடத்திலிருந்தே எடுக்கவைத்தார்கள். அப்புறம் அந்தப் பகுதி மக்களுக்கு உட்கார இடம் கிடைத்தது!

வீட்டு விஷயம் இவ்வளவு சுலபமில்லை. பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று பார்சிலோனா மேயர் 2024இல் அறிவித்தார். பத்து ஆண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். புதிய வீடுகள் போதிய அளவு கட்டப்படாததும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் கை வைத்த இடம் சரியான இடம்.

இத்தாலியின் வெனிஸ் வேறு வழியில் போனது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில், ஒரு நாள் வந்து திரும்புகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கடல் கடந்து வந்தவர் 5 யூரோவுக்காகவா திரும்பிப் போவார்? 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. வீடு கிடைக்காமல் வெளியேறியவர்களை அந்தக் கட்டணம் திருப்பிக் கொண்டுவராது.

கியோட்டோ மேயர் இப்போது அடுத்த யோசனையை வைத்திருக்கிறார்: பேருந்தில் நகரவாசிக்குக் குறைந்த கட்டணம், மற்றவர்களுக்கு அதிகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, பக்கத்து ஊரில் குடியிருந்துகொண்டு தினமும் நகரத்துக்கு வேலைக்கு வருகிற செவிலியர் எந்தக் கணக்கில் சேர்வார்? முகவரியைப் பார்த்தால் அவரும் வெளியூர்தான். அவருக்கு ஒரு வழி செய்துவிட்டு அப்புறம் கட்டணத்தை ஏற்றட்டும்.

நன்றி, வணக்கம்.