நோயாளி மேல் ஒத்திகை வேண்டாம்
(காரைக்குடிக் கூட்டமொன்றில் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், முன்வரிசையை நிறைத்திருக்கும் நர்சிங் மாணவிகளுக்கும் வணக்கம்.

ஒரு டாக்டர் போடும் முதல் ஊசி யாருக்கு? நம்மில் யாரோ ஒருவருக்குத்தான். ஒன்றைப் பார், ஒன்றைச் செய், அப்புறம் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடு. மருத்துவக் கல்வி பல தலைமுறையாக இப்படித்தான் ஓடியது. தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைகளின் உடம்புதான் பெரும்பாலும் பள்ளிக்கூடம். எங்கள் ஆட்கள் இதை மேடையில் பேச மாட்டார்கள்.

நகரத்தாரான உங்கள் பாட்டன்மார் இதில் விவரமானவர்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் பார்க்க, போன பையனிடம் எடுத்த எடுப்பிலேயே கடைச் சாவியைக் கொடுத்தார்களா? முந்திரி, அரைக்கால் என்ற பின்னக் கணக்கு வாய்பாட்டைத் திண்ணையிலேயே உருப்போட வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகக் கிடந்து, அடுத்தாளாகி, அதற்குப் பிறகுதான் கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாள். பணத்துக்கே அவ்வளவு பழக்கம் என்றால், உயிருக்கு?

நோயாளியைத் தொடுமுன் வேறு பொருளில் பழகும் யோசனை பழையதுதான். சுஸ்ருதர் தம் மாணாக்கர்களைப் பூசணியிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகச் சொன்னார். தையலுக்குத் தடித்த துணி. 18ஆம் நூற்றாண்டில் மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியால் தைத்த பொம்மையோடு பிரான்ஸ் முழுக்கச் சுற்றி, கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1960இல் நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால், நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதிப் பழகுவதற்கென்றே ஒரு பெண் பொம்மை செய்தார்.

இப்போது கணினி வந்திருக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே விட்ட கேமராவின் திரையைப் பார்த்துச் செய்யும் துளை வழி அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். கை வலப்பக்கம் போனால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். கண் திரையில், கை வேறெங்கோ. இந்தக் குழப்பம் தெளியும்வரை ஒருவர் வயிற்றில் துளை போட்டு வைத்துக்கொண்டா பழகுவது? 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை மட்டும் கணினியில் பழக்கினார்கள். பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, பக்கத்துத் திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அது சாதாரணத் திரையில் நடந்த பழக்கம், தலையில் மாட்டினால் கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் இன்றைய விர்ச்சுவல் கண்ணாடிகூட அல்ல.

கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எல்லாம் வந்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். வயிறு கல்லாக இறுகியிருப்பதை விரல் நுனிதான் படிக்கும். அதைக் கண்ணாடி இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை. சிலருக்குத் தலைசுற்றலும் வரும். ஒரு கல்லூரியில் லட்சக்கணக்கில் வாங்கிய பொம்மை பிளாஸ்டிக் உறையோடு படுத்திருந்ததைப் பார்த்தேன். ஆய்வு வரும் அன்று மட்டும் உறை கழலும். பழக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆள்தான் முக்கியம். பயிற்சி முடிந்ததும் உட்கார வைத்து, "அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்? ஆக்சிஜன் கேட்டாயே, யாரைப் பார்த்துக் கேட்டாய்?" என்று பதமாகக் கேட்க ஒருவர் வேண்டும். பாதிப் பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நர்ஸ் ஒருவர் வயிற்றில் கட்டிக்கொள்ளும் பிரசவப் பொம்மை உண்டு. வலியில் அவரே கத்துவார், செயற்கை இரத்தம் கொட்டும். கண்ணாடியைவிட அதற்குத்தான் என் ஓட்டு. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்பெருக்கு ஓரிரு மணி நேரத்தில் தாயைக் கொண்டுபோகக்கூடியது. ஆனால் ஒரு நர்ஸ் அதை அடிக்கடி பார்க்க மாட்டார். அடிக்கடி வராததைத்தான் அடிக்கடி பழக வேண்டும்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பெரிய செட்டிநாட்டு வீட்டில் ஆச்சி ஒருத்தி, காவலுக்கு ஒருவர். ஆச்சி அடுப்படியில் இதயம் நின்று மயங்கி விழுகிறார். 108க்குச் சொல்லியாயிற்று, வண்டியும் வந்துவிட்டது. எந்தத் தெருவில் வந்து நிற்கும்? முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். முகப்புப் பக்கம் வந்தால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியேறி, நிலைகளைத் தாண்டி, வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டு கட்டாக உள்ளே போக வேண்டும். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே அவரை வெளியே கொண்டுவர முடியுமா? நடுவில் நின்று அழுத்துவது யார், கதவைத் திறப்பது யார்? கொல்லைச் சாவி காவல்காரரிடம் இருக்கிறதா?

இதற்குக் கண்ணாடி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். வேலை நடக்கும் இடத்திலேயே பொம்மையைப் படுக்கவைத்து ஒத்திகை பார்ப்பதை உலகத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் செய்கின்றன. லிஃப்ட்டில் கட்டில் நுழையாததையும் மருந்து அலமாரி பூட்டியிருப்பதையும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதை நாம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் செய்யலாம்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் கட்டடம் கொடுப்பதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில்தான் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகமே எழுந்தது. இந்தத் தடவை கட்டடம் கேட்கவில்லை. ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம், அப்புறம் ஒரு வீட்டில் ஒரே ஒரு காலைப் பொழுது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டுச் சாவி கையில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். காவல்காரருக்கும் சொல்லிவையுங்கள், அவரும் பழக வேண்டும்.