மானியமும் சம்மதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கூட்டாட்சி நாடுகளில் தேசிய அரசு நேரடியாக உத்தரவிட முடியாத துறைகள் பல உண்டு. பள்ளிக்கல்வி, சாலை, மருத்துவமனை போன்றவற்றில் பெரும்பகுதியை அரசமைப்புச் சட்டங்கள் மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. ஆயினும் உத்தரவிட முடியாத இடத்திலும் பணம் கொடுக்கலாம்; கொடுக்கும் பணத்துக்கு நிபந்தனையும் விதிக்கலாம். விருப்பமில்லாத மாநிலம் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் சட்ட நியாயம். அந்த ‘வேண்டாம்’ எப்போது உண்மையில் சொல்லக்கூடியதாக இருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்க காங்கிரஸ் 1984இல் ஒரு சட்டம் இயற்றியது. 21 வயது நிரம்பாதவர்கள் மது வாங்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்றது அச்சட்டம். 19 வயதினருக்கு மென்பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. நிபந்தனை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்த தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட், மாநிலம் இழக்கக்கூடியது 5 விழுக்காடு மட்டுமே என்பதால் இது வற்புறுத்தல் அல்ல என்றார். சாலையை எப்படி அமைப்பது என்று சொல்லலாம், அதற்காகக் குடிக்கும் வயதை நிர்ணயிக்கலாமா என்று மாறுபட்டுக் கேட்டவர் நீதிபதி ஓ’கானர். அவருடைய கேள்வி தோற்றதே தவிர, பதில் பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வயது வரம்பை உயர்த்திவிட்டன.

இதைவிடக் கூர்மையான அனுபவம் ஆஸ்திரேலியாவினுடையது. அந்நாட்டு அரசமைப்பின் 96ஆவது பிரிவு, நாடாளுமன்றம் தனக்குச் சரியெனப் படும் நிபந்தனைகளோடு எந்த மாநிலத்துக்கும் நிதியுதவி தரலாம் என்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் தேசிய அரசு தன் வருமான வரியை, மாநிலங்கள் தனியே வரி விதிக்க இடமில்லாத அளவுக்கு உயர்த்தியது. வருமான வரி விதிப்பதைக் கைவிடும் மாநிலங்களுக்கு இழப்பீடாக மானியம் தருவதாகவும் சொன்னது. நான்கு மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. வரி விதிக்க மாநிலத்துக்குச் சட்டப்படி தடையேதும் இல்லை, மானியத்தை மறுக்கும் சுதந்திரமும் இருக்கிறது என்று கூறி, அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அத்திட்டத்தை அனுமதித்தது. ஒரே வருமானத்துக்கு இருமுறை கடும் வரி கட்டச் சொல்லும் மாநில அரசு அடுத்த தேர்தலைச் சந்திக்க முடியாது என்பது தீர்ப்பெழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. போர் முடிந்தது, ஏற்பாடு மட்டும் முடியவில்லை. 1957இல் நடந்த இரண்டாவது வழக்கில் மாநிலங்களுக்கு ஓரளவு வெற்றி கிடைத்தும், எந்த மாநிலமும் வருமான வரிக்குத் திரும்பவில்லை. வரி திரட்டும் கை ஒன்றாகவும் செலவு செய்யும் கை மற்றொன்றாகவும் ஆகிவிட்ட பிறகு, வழங்குபவரின் நிபந்தனையை மறுப்பதென்றால் தன் மக்களே கட்டிய வரிப்பணத்தை மறுப்பதாகிறது.

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. நிதிக் குழுவின் பரிந்துரைவழி வரும் மானியத்துக்கு 275ஆவது பிரிவு இருக்க, இதர நிதி விதிகளுள் ஒன்றான, எந்தப் பொது நோக்கத்துக்கும் மானியம் தர இடமளிக்கும் 282ஆவது பிரிவின் வழியே ஐந்தாண்டுத் திட்ட நிதியின் பெரும்பகுதி பாய்ந்தது. இன்றைய மத்திய நிதியுதவித் திட்டங்கள் பலவற்றில் செலவு 60க்கு 40 என்று பகிரப்படுகிறது. அந்த 40ஐ எடுத்துவைக்க முடிகிற மாநிலமே 60ஐப் பெறும். ஆக, வசதி குறைந்த மாநிலம் தன் சொந்த முன்னுரிமைகளுக்கு ஒதுக்கியதை எடுத்துத்தான் பங்கைக் கட்டுகிறது. பிறகு திட்டம் நிறுத்தப்பட்டாலும், அதற்காக நியமித்த ஊழியர்களின் சம்பளம் நிற்பதில்லை.

இத்தனையும் சொன்ன பின், நிபந்தனை என்பதே தவறு என்று நான் வாதிடுவதாக நினைத்துவிட வேண்டாம். 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம், இன அடிப்படையில் பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்குத் தேசிய நிதி கிடையாது என்றது. அடுத்த ஆண்டே பள்ளிகளுக்குப் பெருநிதி ஒதுக்கப்பட்டது. இனப் பிரிவினையைக் கைவிடச் சொன்ன நீதிமன்ற ஆணைகளுக்குப் பத்தாண்டுகளாக அசையாத தென்மாநிலப் பள்ளிகள் பல, நிதி போய்விடும் என்ற நிலையில்தான் வழிக்கு வந்தன. அங்கே பலித்தது மறுக்க முடியாத அளவுக்கு இருந்த தொகைதான். ஆனால் அந்த நிபந்தனை மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட எதையும் பறிக்கவில்லை. அரசமைப்பு ஏற்கெனவே விதித்திருந்த கடமையையே வலியுறுத்தியது. மது வயதுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முறையாக ஒரு மானிய நிபந்தனையை வற்புறுத்தல் என்று அறிவித்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்தாத மாநிலம், புதிய நிதியை மட்டுமல்லாமல் ஏற்கெனவே பெற்றுவந்த நிதி முழுவதையும் இழக்க நேரும் என்பதே அங்கே பிரச்சினை. பழைய நிதியைப் பணயம் வைக்கக்கூடாது என்று தீர்ப்பானதும், விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பமாயிற்று. செலவில் 90 விழுக்காட்டைத் தேசிய அரசே ஏற்கும் நிலையிலும், டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. மறுக்கும் உரிமை அங்கே உண்மையாகவே இருந்தது. அதற்கான விலையை, காப்பீடு கிடைக்காமற்போன அந்த மாநிலங்களின் ஏழைகள் கொடுத்துவருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.