ஒஹாயோவின் புரொபேட் நீதிமன்றம்: உயிலும் கட்டாயச் சிகிச்சையும்

நேயர்களுக்கு வணக்கம். கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். அந்த ஊர் இருக்கும் ஒஹாயோ மாநிலத்தின் நீதிமன்றங்களில், ஆங்கிலம் போதாத தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்பது என் வேலை. விசாரணையில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே இன்று நான் சொல்லப்போவது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று; பல குடும்பங்களுக்கும் பொதுவாக நேர்வது.

ஒஹாயோவில் 88 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள், உள்ளன. ஒவ்வொன்றிலும் உயில், வாரிசுச் சொத்து போன்றவற்றைக் கவனிக்கும் ஒரு புரொபேட் நீதிமன்றம் இருக்கிறது. 1851ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு அதைத் தனி நீதிமன்றமாக அமைத்தது. 1968இல் வந்த திருத்தம் அதை, கவுண்டியின் முதன்மை விசாரணை மன்றமான பொது வழக்கு நீதிமன்றத்தின் ஒரு பிரிவாக்கியது. திருமண உரிமம் வழங்குவதும் இதே அலுவலகம் என்பதால், பலரும் முதலில் இங்கே வந்தது மாலை மாற்றுவதற்குச் சில நாள்களுக்கு முன்பாகத்தான் இருக்கும். அடுத்த முறை அவர்கள் வரும்போது கையில் இறப்புச் சான்றிதழ் இருக்கும்.

உயில், வாரிசுச் சொத்து, தத்தெடுப்பு, காப்பாளர் நியமனம், மனநோய்க்கான கட்டாயச் சிகிச்சை ஆகியவை ஏன் ஒரே கூரையின் கீழ் வந்தன என்று நேயர்கள் கேட்கலாம். இறந்தவர் எழுந்து வந்து தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது, கைக்குழந்தையாலும் முடியாது, நோய் முற்றியவர் சொல்வதைச் சுற்றியிருப்பவர்கள் நம்புவதில்லை. இவர்கள் எல்லோருக்காகவும் வேறு யாரோ பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும், அவர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஆதாரம் கேட்பதுதான் இந்த நீதிமன்றத்தின் வேலை என்பது என் கணிப்பு.

உயிலை எடுத்துக்கொள்வோம். எழுதுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; உயில் கையாலோ தட்டச்சிலோ எழுத்தில் இருக்க வேண்டும்; முடிவில் அவர் கையொப்பமிட வேண்டும்; அதைக் கண்ணால் கண்ட, அல்லது அது தம் கையொப்பமே என்று அவர் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள் தாமும் கையொப்பமிட வேண்டும். நோட்டரி முத்திரை தேவையில்லை. இதை நம்மவர்கள் எளிதில் நம்புவதில்லை. முத்திரை விழுந்தால்தான் பத்திரம் என்று பழகிவிட்டோம். ஆனால் பளபளக்கும் முத்திரையும் ஒரே ஒரு சாட்சியும் உள்ள உயில் இங்கே சிக்கலில் மாட்டிக்கொள்ளும். வெறும் கோடுபோட்ட தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்திட்ட உயில் நிற்கும். அந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர் உயிலில் பங்கு பெறும் மகனாகவே இருந்துவிட்டால் உயில் செல்லும், அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. உயிலே இல்லாதிருந்தால் சட்டப்படி அவருக்கு என்ன வந்திருக்குமோ அதற்கு மேல் அவர் கேட்க முடியாது. வீட்டிலிருப்பவர்களையே சாட்சியாகக் கூப்பிடும் நம் வழக்கம் இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

மூல உயிலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து அது ஏற்கப்பட்டபின், அதன்படி சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்புள்ள நிறைவேற்றுநருக்கு அதிகாரக் கடிதம் வழங்கப்படும். அதைக் காட்டினால்தான் வங்கி வாய் திறக்கும். மூன்று மாதங்களுக்குள் அவர் சொத்துப் பட்டியல் தர வேண்டும். உயில் எழுதியவர் இறந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். தவறினால் கடன் போனதுதான். மனைவிக்கோ கணவருக்கோ உயிலில் ஒன்றும் எழுதாமல் விட்டாலும், உயிலை ஒதுக்கிவிட்டுச் சட்டம் தரும் பங்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு: நிகரச் சொத்தில் பாதி, பிள்ளைகள் இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. சொத்து 35,000 டாலருக்கு மேற்படாமலிருந்தாலோ, முழுவதும் துணைவருக்கே சேர்வதாகி 1,00,000 டாலருக்கு மேற்படாமலிருந்தாலோ, இந்த நீண்ட நடைமுறையிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

உயிலுக்கே கட்டுப்படாத சொத்துகளும் உண்டு. ஆயுள் காப்பீட்டுப் பணம் படிவத்தில் எழுதிய பெயருக்கே போகும். வேலையில் சேர்ந்த முதல் நாளில், திருமணத்துக்கு முன், அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோன படிவம் பிற்காலத்து உயிலைத் தோற்கடித்துவிடும். ஊரில் இருக்கும் நிலமோ வேறு கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்து நன்செயை ஒஹாயோ நீதிபதி பங்கிட முடியாது. இந்தியாவில் உள்ள அசையாச் சொத்தின் வாரிசுரிமையை, உரியவர் எங்கே குடியிருந்தாலும், இந்தியச் சட்டமே தீர்மானிக்கும்.

இனி, பேசுவதற்கே பலரும் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றி, மருந்தையும் மருத்துவரையும் அவர் மறுக்கும்போது, அவரைச் சிகிச்சைக்கு உட்படுத்தக் கோரி புரொபேட் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். மனநோய் இருப்பது மட்டும் காரணமாகாது. அதனால் அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடும், அல்லது உணவு, உறைவிடம் போன்ற அடிப்படைத் தேவைகளையே கவனிக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்பது போன்ற, சட்டம் வகுத்த ஒரு நிலையைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் என் வேலை கடினமாகிறது. “அவனுக்கு மனசு சரியில்லை” என்பார் தாய். தமிழில் இது துக்கத்தையும் குறிக்கும், மனக்கசப்பையும் குறிக்கும், மனநோயையும் குறிக்கும். எதைச் சொல்கிறார் என்று நானாக முடிவுசெய்து ஆங்கிலத்தில் சொல்லிவிடக் கூடாது; சொல்லுக்கு இன்னின்ன பொருள் உண்டு என்று தெரிவித்து, விளக்கம் கேட்க நீதிமன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். அதே தாய், “செவ்வாய்க்கிழமை இரவு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விட்டான், மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லை, சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான்” என்று சொன்னால் மொழிபெயர்க்கவும் எளிது, நீதிபதிக்கும் அதுவே வேண்டும். பத்திரத்தில் கேட்கப்படுவது நாளும் நிகழ்ச்சியும். மகனின் குணத்தைப் பற்றிய தீர்ப்பன்று.

ஆபத்து உடனடியானதாக இருந்தால் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரோ காவல்துறை அலுவலரோ அவரை நேரே மருத்துவமனைக்கு அனுப்பலாம். இதைப் பேச்சுவழக்கில் ‘பிங்க் ஸ்லிப்’ என்பார்கள். 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும். அதன்பின் மூன்று நீதிமன்ற வேலைநாள்களுக்குள் அவர் தாமாகவே சிகிச்சைக்கு இணங்க வேண்டும், அல்லது மருத்துவமனை பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

முதல் விசாரணை ஐந்து நீதிமன்ற வேலைநாள்களுக்குள் வர வேண்டும். நோயாளிக்கு வழக்கறிஞர் உண்டு. வசதியில்லை என்றால் அரசுச் செலவில் கிடைப்பார். தம் தரப்பில் வேறொரு மருத்துவ வல்லுநரின் மதிப்பீட்டையும் அவர் கேட்கலாம். மகனைக் காப்பாற்ற வந்த பெற்றோருக்கு, மகனுக்காக ஒரு வழக்கறிஞர் எழுந்து தம்மையே குறுக்கு விசாரணை செய்வது பேரதிர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க, சாதாரண உரிமையியல் வழக்குக்குப் போதுமான சான்று போதாது என்று 1979இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சஸ் மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்துவிட்டது. தெளிவான, உறுதியளிக்கும் சான்று வேண்டும். அது இருந்தாலும் முதலில் 90 நாள்கள் வரைதான் உத்தரவிட முடியும். மருத்துவமனையில் அடைக்காமல், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற உத்தரவிடும் வழியை 2014இல் வந்த திருத்தம் தெளிவுபடுத்தியது. போதைப்பழக்கத்துக்கு 2012இல் தனிச் சட்டம் வந்தது.

இந்த விசாரணைகள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே ஒரு சிறிய அறையில் நடக்கின்றன; நோயாளி விரும்பினாலன்றி வெளியார் வர முடியாது. நீள்மேசையின் ஒரு பக்கம் மகனும் அவருடைய வழக்கறிஞரும், எதிர்ப்பக்கம் மருத்துவரும் தாயும் அமர்ந்திருப்பார்கள். மகன் ஆங்கிலத்தில் சொல்வதை ஒரு வாக்கியம் பின்தங்கித் தாயின் காதருகே தாழ்ந்த குரலில் நான் தமிழாக்கிக்கொண்டிருப்பேன்: “எனக்கு நோய் இல்லை. இவர்கள் சொல்வது பொய். நான் வீட்டுக்குப் போக வேண்டும்.” தன்மை இடத்தில்தான் பெயர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் ‘நான்’ என்றே சொல்வேன், அந்தத் தாயும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வணக்கம்.