பெத்தவங்க கையெழுத்து போட்டா போதும்

வணக்கம். ஏதாவது ஒரு புக்கு பத்தி பேசுங்க, காலேஜ் பசங்களும் கேப்பாங்கன்னு சொன்னாங்க, சரின்னு நான் எடுத்துகினு வந்தது நீல் ஷஸ்டர்மன்னு ஒரு அமெரிக்கக்காரர் 2007ல எழுதின அன்வைண்ட். டீன் ஏஜ் பசங்களுக்கு எழுதின சயின்ஸ் ஃபிக்ஷன்தான், ஆனா எனக்கு எந்தப் பேய்க்கதையும் இந்த அளவுக்கு வயித்தக் கலக்கினதில்ல.

கதை இன்னான்னா, அமெரிக்கால கருக்கலைப்பு விஷயமா ரெண்டு கூட்டம் அடிச்சிகினு உள்நாட்டுப் போரே நடந்து, கடைசில ஒரு சமாதானத்துக்கு வராங்க. வயித்துல இருக்கற புள்ளைய தொடக்கூடாது, ஆனா 13லேர்ந்து 18 வயசுக்குள்ள பெத்தவங்க கையெழுத்து போட்டா அந்தப் புள்ளைய பார்ட் பார்ட்டா பிரிச்சு மத்தவங்களுக்கு பொருத்திடலாம். எல்லா பாகமும் எங்கயோ உயிரோட இருக்கு, அதனால அவன் சாகவே இல்லன்னு சட்டம் சொல்லுது. இப்படி பிரிக்கறதுக்கு அனுப்பற மூணு பசங்களோட கதை இது. கானர் வீட்டுக்கு அடங்காத பையன், தப்பிச்சு ஓடறான், ரீசா அரசாங்க ஹோம்ல வளர்ற பொண்ணு, ஹோமுக்கு பட்ஜெட் இல்லன்னு அனுப்பறாங்க, லெவ்வை மட்டும் சாமிக்கு நேந்துவிட்ட மாதிரியே வளக்கறாங்க, அவன் வெள்ளை டிரஸ் போட்டுகினு சந்தோஷமா கெளம்பறான். மூணு பேர்ல எனக்கு அதிகமா பயம் குடுத்தது இவன்தான், ஓடறவனுக்காவது தான் மாட்டிகினோம்னு தெரியுது இல்லையா.

இதை வேலூர்ல உக்காந்து படிக்கறது வேற விஷயம்ங்க. 1971ல சிஎம்சி ஆஸ்பத்திரில கிட்னி மாத்தின ஊரு இது, நம்ம நாட்டுல வெற்றிகரமா நடந்த முதல் கிட்னி மாற்று ஆபரேஷன்னு அதைத்தான் சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல லாட்ஜுங்கள்ல வங்காளத்துலேர்ந்து, ஜார்கண்ட்லேர்ந்து வந்து மாசக்கணக்கா தங்கி சொந்தமா சமைச்சு சாப்பிட்டுகினு காத்திருக்கற ஜனங்கள நாம தெனம் பாக்கறோம், உறுப்பு தானம்னா நமக்கு கையெடுத்து கும்புடற விஷயம். 2008ல ஹிதேந்திரன்னு அந்த 15 வயசுப் பையன் மூளைச்சாவு ஆனப்போ அவங்க அப்பா அம்மா, ரெண்டு பேரும் டாக்டருங்க, சம்மதிச்சு அவன் உறுப்புங்கள குடுத்ததை தமிழ்நாடே பேசிச்சு. நம்ம நாட்டு 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துலயும் 18 வயசு ஆகாத புள்ளைக்கு மூளைச்சாவுன்னா பெத்தவங்கதான் சம்மதம் குடுக்கணும். கதைலயும் அதே பெத்தவங்க, அதே ஃபாரம், ஆனா புள்ள பக்கத்து ரூம்ல நல்லா தூங்கிகினு கீறான். இந்த ஆளு அந்த ஒரு எடத்துலதான் கைய வெச்சிருக்காரு.

குறையும் சொல்லிடறேன். இப்படி ஒரு சட்டத்துக்கு ரெண்டு கட்சியும் தலையாட்டினாங்கன்றத என்னால கடைசி வரைக்கும் நம்ப முடியல. அப்புறம் ஒரு லாரி டிரைவர் வரான், அவனுக்கு பொருத்தின கை தானா சீட்டுக்கட்டு வித்தை காட்டுது, கைக்கு ஏதுங்க ஞாபகம்? நெஜத்துல ஒரு கிட்னி மாத்தினாலே உடம்பு அதை ஒதுக்கிடாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். லவ்வு சமாச்சாரமும் சும்மா ஒட்ட வெச்ச மாதிரிதான்.

ஆனா ஒரு பையன பார்ட் பார்ட்டா பிரிக்கற அந்த ஆபரேஷன் சேப்டர். யாருக்கு நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க. வலி இருக்காது, ஆனா முழிச்சிகினே இருக்கணும், அது சட்டமாம். ரத்தம், கத்தின்னு வர்ணனையே கெடையாது, நர்ஸம்மா பக்கத்துல நின்னு அன்பா பேசிகினே கீறாங்க, இப்போ கால்ல கொஞ்சம் குறுகுறுன்னு இருக்கும், பயப்படாதப்பான்ற ரேஞ்சுல, டாக்டருங்க அவங்க பாட்டுக்கு வேலைய பாக்கறாங்க, அவனோட நெனப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுகினே வருது, வாக்கியம் சின்னதாவுது, அப்புறம் இன்னும் சின்னதாவுது. யாராவது ஒருத்தர் கத்தியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

பசங்களுக்கு குடுக்கலாமான்னு கேட்டா, பத்தாவது தாண்டின பசங்களுக்கு தாராளமா குடுக்கலாம், வீட்டுல பெரியவங்களும் கூட படிச்சா நல்லது, ஏன்னா அதுங்க கேள்வி கேக்கும், "நைனா, நீ கையெழுத்து போடுவியா"ன்னு நேராவே கேக்கும். இங்கிலீஷ் கஷ்டமா இருக்காது, சின்னச் சின்ன சேப்டருங்கதான். இதுக்கு அப்புறம் தொடர்ச்சியா இன்னும் சில புக்கு வந்திருக்கு, எனக்கென்னவோ முதல் புக்கே போதும்.