பேய்க்கு என்ன வேலை?

வணக்கம். மயிலாப்பூரில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் முகப்பில், துருத்திய கண்களும் முறுக்கு மீசையும் வெளியே நீண்ட நாக்குமாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்குகிறது. ஊரார் கண்ணேறு அனைத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டியது அந்த அரக்க முகத்தின் பொறுப்பு. உலகச் சமயங்களின் பேய்களைப் பற்றிப் பேசும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எது அதிகம் பயங்கரமானது என்று வரிசைப்படுத்துவது எனக்கு அலுப்பூட்டும் வேலை. எந்தச் சமயம் தன் பேய்க்கு என்ன வேலை கொடுத்தது என்பதையே பார்க்க விரும்புகிறேன்.

இந்தப் பொம்மையின் காவல் பணியைப் பண்டைய மெசப்பொத்தேமியாவில் பசூசு என்ற பேய் பார்த்தான். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவனது வெண்கல உருவம் ஏறத்தாழ 15 செ.மீ. உயரந்தான், நான்கு சிறகுகள், பறவைக் கால்கள், தேளின் வால். தீய காற்றுப் பேய்களுக்கு அரசன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அவனுடைய தலையையே, பச்சைக் குழந்தைகளைக் கொல்வாள் என்று அஞ்சப்பட்ட லாமஷ்டுவை விரட்டுவதற்காகத் தாயத்தாகச் செய்து கர்ப்பிணிப் பெண்கள் அணிந்திருக்கிறார்கள். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை நமக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் பேய் என்ற சொல்லையே பெருமைப் பட்டமாக்கியதில் தமிழருக்கு இணையில்லை என்பேன். இதே மயிலாப்பூரில் ஒரு கிணற்றின் செவ்வல்லி மலரில் தோன்றியதாக வைணவ மரபு போற்றும் அடியார், திருமால் மீது பித்தேறிப் பேய்பிடித்தவர்போல் ஆடிப் பாடியதால் பேயாழ்வார் ஆனார். சைவத்திலோ காரைக்கால் அம்மையார், கணவர் விலகிய பின் தன் அழகைத் தசையோடு உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்று, தம் பதிகத்தில் ‘காரைக்காற்பேய்’ என்றே கையொப்பமிட்டார். சென்னையிலிருந்து ரயிலேறிப் போகக்கூடிய திருவாலங்காட்டில், இறைவன் ஆடும்போது அருகிலிருந்து பாடுவதே அந்தப் பேய்க்கு வாய்த்த வேலை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏற வேண்டும் என்று பழமொழி சொன்னவர்கள் அம்மையாரை நினைக்கவில்லை போலும்!

இனி இராயபுரத்துக்கு வாருங்கள். பழைய ஈரானில் தோன்றிய ஜரதுஷ்டிர சமயத்தைப் பின்பற்றும் பார்சிகளுக்காக 1910-இல் கட்டப்பட்ட அக்கினிக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. அங்கு வணங்கப்படும் அகுரா மஸ்தாவின் பெயரில் உள்ள ‘அகுரா’வும் நம் புராணங்களின் ‘அசுர’னும் ஒரே சொல், வடமொழியின் சகரம் பழைய ஈரானிய மொழியில் ஹகரமாகும், சிந்து ‘ஹிந்து’வானதைப் போல. ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் வருணனைக்கூட அசுரன் என்று மரியாதையோடு அழைத்திருக்கிறார்கள். பின்னாளில் இங்கே அசுரர் பகைவராயினர்; ஈரானில் ‘தேவ’ என்ற சொல்லோடு உறவுடைய ‘தயேவ’ர்கள் தீய சக்திகளாயினர். ஒரே சொல்லுக்கு ஓரிடத்தில் பதவி உயர்வு, மற்றோரிடத்தில் பதவி நீக்கம்.

சாத்தான் கதையும் பதவியிலிருந்தே தொடங்குகிறது. எபிரேய மொழியில் அச்சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள். விவிலியத்தின் யோபு நூலில் அவன் இறைவனின் அவைக்கே வந்து, ‘யோபு இலாபமில்லாமலா பக்தி செய்கிறான்?’ என்னும் பொருள்படக் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே அந்த நல்ல மனிதரைச் சோதிக்கிறான். அரசு வழக்கறிஞரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நரகத்தின் அதிபதியாக அவன் வளர்ந்தது பிற்காலத்தில். நம் சீத்தலைச் சாத்தனாருக்கும் இவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் தமிழ் விவிலியம் இயேசுவைச் சோதித்தவனை ‘அலகை’, அதாவது பேய், என்று அழைக்கிறது. உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவன் அலகையாக வைக்கப்படுவான் என்று வள்ளுவர் 850-ஆம் குறளில் பயன்படுத்திய சொல் அது. மொழிபெயர்த்தவர்களின் காதைப் பாராட்டத்தான் வேண்டும்.

குர்ஆனின் இப்லீஸ் வேறு வகை. முதல் மனிதரான ஆதமுக்குப் பணியுமாறு இறைவனின் கட்டளை வந்தபோது, தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஆதம் களிமண்ணால் ஆனவர் என்று சொல்லி மறுத்தான். விரட்டப்பட்ட பிறகும், மனிதர் மீண்டும் எழுப்பப்படும் நாள்வரை தவணை கேட்டான், கொடுக்கப்பட்டது. மனிதரை வழிதவறச் செய்வதே அவன் தானாக எடுத்துக்கொண்ட வேலை. ஹஜ் செல்வோர் மினாவில் கல்லெறிவது அவனை மறுப்பதன் அடையாளமாகத்தான்.

சூரபத்மனுக்குக் கிடைத்தது இதற்கு நேர்மாறான ஏற்பாடு. ஐப்பசிக் கந்த சஷ்டியில், வடபழனியில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கிடையே நின்று சூரசம்ஹாரம் பார்த்திருப்பீர்கள். மாமரமாகி நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்ததும் ஒரு பாதி மயிலானது, மறு பாதி சேவலானது. மறுநாள் திருக்கல்யாணத்துக்கு முருகன் எழுந்தருளும்போது கொடியில் இருப்பவனும் சூரன்தான். நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.