கிளாஸில் வந்த தேங்காய் வாசனை

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டல் தொழிலில் பல வருடங்கள் ஒயின் பரிமாறியவன் நான். ஓக் மரப் பீப்பாயில் பக்குவப்படுத்திய சிவப்பு ஒயினை எப்படி ருசிப்பது, ருசித்ததை எப்படிச் சொல்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். குடிக்காதவர்களும் கேட்கலாம். இன்றைக்கு வேலை மூக்குக்கு, அப்புறம் கொஞ்சம் நாக்குக்கு.

ஸ்பெயினின் வடக்கே, ரியோகா பகுதியில் ஆரோ என்று ஒரு சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை அழித்தபோது, அந்நாட்டின் போர்தோ ஒயின் பகுதி வியாபாரிகள் ஒயின் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். ஏற்றி அனுப்ப ரயில் வேண்டுமே! அதனால் அந்த ஊரின் பழைய ஒயின் கூடங்கள் பலவும் இன்றும் ரயில் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன.

அப்படி ஒரு கூடத்தின் நிலவறைக்குள் போனேன். வெளியே நல்ல வெயில், உள்ளே ஈரக் குளிர். 225 லிட்டர் பீப்பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு பீப்பாயின் அடைப்பைத் திறந்து, கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, கொஞ்சம் எடுத்து என் கிளாஸில் ஊற்றினார். சுழற்றி முகர்ந்தேன். செர்ரிப் பழம் வரும் என்று நினைத்தேன். வந்தது தேங்காய். பர்பிக்குத் துருவி, வாணலியில் நிறம் மாறுவதற்குள் இறக்குவோமே, அந்த வாசனை. சொல்லலாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன். பெரியவர் பீப்பாயைத் தட்டிக் காட்டி, "அமெரிக்க மரம்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் அதிகம். தேங்காய் வாசனை அதிலிருந்து வருகிறது. வனிலா வாசனை தருவது வனிலின், ஐஸ்கிரீமில் இருப்பதும் அதுதான். கிராம்பு வாசனைக்குக் காரணம் யூஜினால். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிறோமே கிராம்புத் தைலம், அதிலும் அதேதான். பீப்பாய் செய்யும்போது உட்புறத்தைத் தீயில் வாட்டுவார்கள். புகையும் வறுத்த காப்பிக்கொட்டையும் அப்படி வந்து சேருகின்றன. ஆக, உங்கள் மூக்குக்குக் கிராம்பு என்று பட்டால் அது கற்பனை இல்லை. கிராம்பு என்றே சொல்லுங்கள். பார்த்தே இராத பிளாக்கரன்ட் பழத்தின் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, நாக்குக்கு வருவோம். சிவப்பு ஒயினை விழுங்கியதும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒயினில் இருக்கும் டானின் என்ற பொருள் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. ஆங்கிலத்தில் இதை உலர்ந்தது, கரடானது என்றெல்லாம் சுற்றி வளைப்பார்கள். நமக்கு அறுசுவையிலேயே பெயர் இருக்கிறது: துவர்ப்பு. அதிலும் எத்தனை வகை! வாழைப்பூவின் துவர்ப்பு மெதுவாகப் பிடிக்கும். கொட்டைப்பாக்கு சட்டென்று பிடித்து நெடுநேரம் விடாது. நெல்லிக்காய் துவர்த்து, தண்ணீர் குடித்ததும் இனிக்கும். இளம் ஒயின் பாக்குப் போல. வருடங்கள் ஆக ஆக வாழைப்பூப் பக்கம் நகரும். திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்போடு மரம் தரும் துவர்ப்பும் சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே பல வருடம் ஆயிற்று. அதனால் அவசரம் வேண்டாம், துவர்ப்பு என்று மட்டும் நிறுத்தாமல் எதன் துவர்ப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பிரெஞ்சு ஓக் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அதில் தேங்காய் குறைவு, மசாலா வாசனை கூடுதல், அது மட்டும் இப்போதைக்கு. ரியோகா சிவப்பு ஒயினின் லேபிளில் கிரியான்சா என்றிருந்தால் மொத்தம் 2 வருடமாவது பக்குவப்படுத்தியது, ரெசெர்வா என்றால் 3 வருடம். இரண்டுமே குறைந்தது 1 வருடம் பீப்பாயில். கிரான் ரெசெர்வா 5 வருடம், அதில் 2 வருடமாவது பீப்பாயில்.

கடைசியாக ஒன்று. குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவ வேண்டாம். மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். பழ வாசனை பெரும்பாலும் போயிருக்கும், மரம் அப்படியே இருக்கும். வணக்கம்.