13 மாதம் முன்பே உட்கார்ந்த காக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் நின்றது. அதில் ஒரு ராத்திரி சாக்குருவி கத்தியது, மூன்றாம் நாள் தாத்தா போய்விட்டார். இதை என் அப்பாயி தன் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். சாக்குருவி என்றால் வேறொன்றும் இல்லை, ஆந்தைதான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எழுந்து போய் அடுப்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டு வந்து படுப்பார். என் அப்பா மட்டும் ஒரு தடவை மெதுவாகக் கேட்டார்: "அது வருசம் பூரா அங்கதானம்மா கத்துது?" அப்பாயி பதில் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியை இழுத்துத் திறந்தார், அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவில், ஒரு சின்ன ஊரில் கத்திய சாக்குருவியைப் பற்றியும், வரப்போவதை முன்பே காட்டியதாகச் சொல்லப்படும் கனவுகளைப் பற்றியும்.

ஊரின் பெயர் பாயிண்ட் பிளசண்ட். ஒஹையோ ஆறும் கனாவா ஆறும் கலக்கும் முனையில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்து செய்த ஒரு தொழிற்சாலை கைவிடப்பட்டுக் கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்தை 'டிஎன்டி ஏரியா' என்பார்கள். புல் மூடிய கான்கிரீட் கிடங்குகள், உடைந்த கொதிகலன் கட்டடம், சுற்றிலும் காடும் குளங்களும். இளவட்டங்கள் ராத்திரியில் கார் எடுத்துக்கொண்டு சுற்றப் போகும் இடம். 1966 நவம்பர் 15 அன்று இரவு அப்படிப் போன இரண்டு இளம் தம்பதிகள் அலறியடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். மனிதனைவிட உயரமாக, சாம்பல் நிறத்தில், முதுகில் மடித்த சிறகோடு ஒன்று நின்றதாம். காரின் விளக்கு பட்டதும் அதன் கண்கள் சிவப்பாக எரிந்தனவாம். 100 மைல் வேகத்தில் காரை விரட்டியும் தலைக்கு மேலேயே பறந்து வந்ததாம். நேராகக் காவல்துறையிடம் போய்ச் சொன்னார்கள். மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது.

அந்த வருடம்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதே சாயலில் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் இதற்கு 'மாத்மேன்' என்று பெயர் வைத்தார். மாத் என்றால் அந்துப்பூச்சி. பார்த்தவர்கள் யாரும் பூச்சி என்று சொல்லவில்லை, பறவை என்றார்கள். ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் ஆளாளுக்குப் பார்த்தார்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வேறு கூட்டம் கூட்டமாக டிஎன்டி ஏரியாவுக்குக் கிளம்பினார்கள். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு அறிஞர் ராபர்ட் ஸ்மித், வழி தவறி வந்த சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்றார். ஆள் இடுப்புக்கு மேல் உயரம், விரித்தால் 6, 7 அடி வரும் சிறகு, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல். பின்னாளில் ஜோ நிக்கல் என்ற ஆய்வாளர் அதெல்லாம் வேண்டாம், ஆந்தைதான் என்றார். ராத்திரியில் வெளிச்சம் பட்டால் சிவப்பாக மின்னும் கண் அந்தப் பக்கத்துப் பெரிய ஆந்தைக்கு உண்டு. எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது இங்கேதான். எந்த நாடாக இருந்தாலும் கடைசியில் ஆந்தை தலையில்தான் விடிகிறது.

இதோடு நின்றிருந்தால் நானும் வந்து பேசியிருக்க மாட்டேன், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். சரியாக 13 மாதம் கழித்து, 1967 டிசம்பர் 15, மாலை 5 மணி வாக்கில், பாயிண்ட் பிளசண்ட்டையும் அக்கரையில் உள்ள ஒஹையோ மாநிலத்தையும் இணைத்த சில்வர் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. கிறிஸ்துமஸுக்குப் பத்தே நாள் இருந்தது. கடைக்குப் போனவர்களும் வேலை முடிந்து திரும்பியவர்களுமாகப் பாலம் முழுக்க வண்டி. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 46 பேர் செத்தார்கள். இரண்டு பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஊர் என்ன செய்யும்? அந்தச் சிவப்புக் கண்ணையும் இந்தப் பாலத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. அது எச்சரிக்க வந்தது என்றார்கள் சிலர், அதுதான் அழிவைக் கொண்டு வந்தது என்றார்கள் வேறு சிலர். 18ஆம் நூற்றாண்டில் அதே மண்ணில் கொல்லப்பட்ட கார்ன்ஸ்டாக் என்ற ஷானீ பழங்குடித் தலைவரின் சாபத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வோமே, அதில் காக்கை உட்கார்ந்த அதே நொடியில்தான் பழம் விழுகிறது. இங்கே காக்கை 13 மாதம் முன்பே உட்கார்ந்து, எழுந்தும் போய்விட்டது!

கனவு விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கிலிருந்து வந்து இதையெல்லாம் துருவியவர் ஜான் கீல் என்ற எழுத்தாளர். அவருக்கு ஊரில் துணையாக இருந்தவர் மேரி ஹையர், அக்கரை ஒஹையோவின் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர். பாலம் விழுவதற்குச் சில வாரம் முன்பு அந்த அம்மாள் ஒரு கெட்ட கனவு கண்டதாகக் கீலிடம் சொல்லியிருக்கிறார். ஆற்றில் நிறையப் பேர் மூழ்குகிறார்கள், தண்ணீரெல்லாம் கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்கள் மிதக்கின்றன. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாம் தடவை படித்தபோது அந்தக் கனவில் பாலமே இல்லை என்பது கண்ணில் பட்டது. அப்புறம் அந்த அம்மாளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். ஆற்றங்கரையில் குடியிருப்பு. விபத்தும் வெள்ளமும் எழுதுவதுதான் தொழில். நவம்பர் மாதம், கடைத்தெருவில் பரிசுப் பொட்டலங்கள் குவிய ஆரம்பித்த சமயம். போதாததற்கு ஒரு வருடமாகச் சிறகு முளைத்த உருவத்தைப் பற்றிப் பேட்டி எடுத்து எடுத்துத் தூக்கம் கெட்டவர். அந்த மனசுக்குள் ஆறும் சாவும் பொட்டலமும் ஒன்றாகக் கிடந்ததில் என்ன ஆச்சரியம்? நாம் அறிந்த வடிவில் அந்தக் கதை கீலின் புத்தகமாக வந்தது 1975இல். இடையில் பாலம் விழுந்து எட்டு வருடம் ஓடியிருந்தது. ஹையர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. கீலும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நடந்து முடிந்த ஒன்றின் வெளிச்சத்தில் பழைய கனவு தன் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும், அதைக் கண்டவருக்கே தெரியாது.

கீலுடைய கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. அவருக்குத் தொலைபேசியிலும் மற்ற வழிகளிலும் மர்மமான முன்னறிவிப்புகள் வந்துகொண்டிருந்தனவாம். போப் ஆறாம் பவுல் துருக்கிக்குப் போகும்போது கத்திக்குத்துக்கு ஆளாவார் என்று ஒன்று. போப் 1967 ஜூலையில் துருக்கிக்குப் போனார், பத்திரமாகத் திரும்பியும் வந்தார். இன்னொன்று, டிசம்பர் 15 அன்று வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன் கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்கைப் போடும் நேரத்தில் நாடே இருளில் மூழ்கும் என்பது. கீல் நியூயார்க்கில் தொலைக்காட்சி முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். ஜான்சன் விசையைத் தட்டினார். மரம் ஜொலித்தது, ஒரு விளக்கும் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் பாலம் விழுந்த செய்தி வந்தது. இதைச் சொன்னது தவறிய ஜோசியம் என்றுதானே எண்ண வேண்டும்? ஆனால் ஊர் எண்ணிய கணக்கில் இது பலித்த ஜோசியம். நாள் பொருந்திவிட்டதே, போதாதா! எங்கள் தெரு ஜோசியர் ஒருவர் இப்படித்தான், "பெரிய செலவு வருது" என்பார். கல்யாணச் செலவு வந்தாலும் அவர் சொன்னதுதான், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அவர் சொன்னதுதான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். லூயிஸ் ஆல்வரெஸ், 1968இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். ஒரு நாள் பத்திரிகை படிக்கும்போது ஏதோ ஒரு வரி, பல வருடம் நினைத்தே பார்க்காத ஒரு பழைய ஆளை அவருக்கு ஞாபகப்படுத்தியது. ஐந்து நிமிடத்துக்குள் பக்கத்தைப் புரட்டினால் அந்த ஆளின் மரணச் செய்தி. வேறொருவராக இருந்தால் சாமியாராகப் போயிருப்பார். இவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு மனிதருக்கு எத்தனை பேரைத் தெரியும், ஒருவரை எத்தனை தடவை நினைப்போம், எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மட்டும் இப்படி வருடத்துக்குச் சுமார் 3,000 சம்பவம் தற்செயலாகவே நடக்கும் என்றார். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வீதம் சிலிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1965இல் சயின்ஸ் இதழில் இதைக் கடிதமாக எழுதினார்.

நம் கணக்கில் பார்ப்போமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 7.2 கோடிப் பேர். ஒருவரின் கனவு மறுநாள் நடப்போடு ஒத்துப்போகும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் 720 பேர் "நேத்துதான் கனவு கண்டேன்!" என்று எழுந்து உட்காருவார்கள். மிச்சம் 7 கோடிச் சொச்சம் கனவுகள் பல் விளக்குவதற்குள் மறந்துபோகும். நானே மூன்று மாதம் தலையணைக்கு அடியில் நோட்டும் பேனாவும் வைத்து எழுதிப் பார்த்தேன். என் வீட்டுக்காரியை இரண்டு தடவை பாம்பு கடித்தது, பரீட்சைக்குச் சட்டை இல்லாமல் போனேன், செத்துப்போன மாமா வந்து கடன் கேட்டார். எதுவும் நடக்கவில்லை, மாமா உட்பட.

தேதி போட்டு எழுதி வைப்பதை ஒரு நாட்டு அளவில் செய்து பார்த்தவர் ஜான் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். மாத்மேன் வருவதற்கு மூன்றரை வாரம் முன்பு, 1966 அக்டோபர் 21 அன்று, வேல்ஸில் ஆபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் செத்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். இதை முன்பே கனவில் கண்டவர்கள் உண்டா என்று பத்திரிகை மூலம் கேட்டார் பார்க்கர். 76 கடிதங்கள் வந்தன. எல்லாம் நடந்த பிறகு எழுதியவை என்பதுதான் சிக்கல். அதனால் 1967இல் லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் ஒரு முன்னறிவிப்பு அலுவலகமே திறந்தார்கள். கனவு கண்டால் உடனே எழுதுங்கள், வந்த நாளைக் குறித்து வைக்கிறோம் என்றார்கள். நூற்றுக்கணக்கில் வந்ததில் பொருந்தியது கைவிரல், கால்விரலுக்குள் அடங்கியது. அதிலும் பெரும்பகுதி இரண்டே பேருடையது. அந்த இருவருமே பார்க்கரின் உயிருக்கு ஆபத்து என்று அவரை எச்சரித்தார்கள். 1968இல் 44 வயதில் மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்தும் போனார். இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறதா? எனக்கும்தான். எண்ணிக்கை தெரிந்தவனுக்கும் முதுகு சில்லிடத்தான் செய்கிறது.

சரி, பாலத்தை எதுதான் தள்ளியது? சில்வர் பாலம் 1928இல் கட்டியது. கம்பி வடத்துக்குப் பதிலாக, இரு முனையிலும் ஓட்டை வைத்த எஃகுச் சட்டங்களைச் சங்கிலி போலக் கோத்து, அதில் பாலத்தைத் தொங்க விட்டிருந்தார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டம். ஒன்று போனால் தாங்க மூன்றாவது கிடையாது. அதில் ஒரு சட்டத்தின் ஓட்டைக்குள், ஆணி மறைத்த இடத்தில், துருவும் இழுவிசையும் சேர்ந்து ஒரு விரிசலை வளர்த்துக்கொண்டே வந்தன. உடைந்த அன்று அதன் ஆழம் இரண்டரை மில்லிமீட்டர்தான். பிரித்துப் பார்த்தாலொழிய யார் கண்ணிலும் படாது. கட்டிய காலத்தில் ஓடிய கார்களைவிட 1967இல் ஓடிய கார்கள் ரொம்பக் கனம். இடிபாட்டை ஆற்றிலிருந்து அள்ளி, கரையில் பரப்பி, துண்டு துண்டாகப் பொருத்தித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நாடு முழுக்கப் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி 1971இல் வந்தது இதனால்தான்.

பாயிண்ட் பிளசண்ட்டில் இன்று மாத்மேனுக்கு எஃகில் ஒரு பளபளக்கும் சிலை இருக்கிறது, 2003இல் வைத்தது. அருங்காட்சியகம் இருக்கிறது, வருடா வருடம் திருவிழா நடக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை, ஊருக்கும் பிழைப்பு வேண்டுமே.

அதே ஒஹையோ ஆற்றில், இன்னும் மேலே போனால் செயிண்ட் மேரிஸ் என்ற ஊர் வரும். அங்கேயும் அதே மாதிரி, அதே காலத்தில் கட்டிய ஒரு பாலம் நின்றது. சில்வர் பாலம் விழுந்ததும் அதை மூடி, 1971இல் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாலத்தைப் பற்றி யாரும் கனவு கண்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

வணக்கம்.